பங்காளிக் கூட்டமும் பன்னாட்டு நெறிமுறையும்

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வேலை செய்வதற்காக வைத்திருப்பவர்கள் ஒரு வகை. யாராவது ஏதாவது கேட்டால், "அதுவா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்வதற்காக வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாம் வகையில் மூத்த உறுப்பினன்.

என் தகுதிகளைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீசுக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குத் துணி உறை தைக்க அளவெடுத்தவன் நான்தான். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் இழுத்தெடுப்பேன். வைஃபை நின்றுபோனால் ரவுட்டரை அணைத்து, மனதுக்குள் பத்து எண்ணி, மறுபடி போடுவேன். இந்த இரண்டு வித்தைகள் கைவசம் இருந்தால் ஒரு குடும்பத்தில் நிபுணர் பட்டம் வாங்கிவிடலாம். மூன்றாவதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் தேவை ஓய்வு பெறும்வரை எனக்கு வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் குலதெய்வம் சோதித்தாள்.

எங்கள் குலதெய்வம் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம். அதற்கு முன்பு பங்காளிகள் கூடி, யார் யாருக்கு எவ்வளவு என்று பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, சாப்பிட்டுவிட்டுக் கலைய வேண்டும். முன்பெல்லாம் இது கோயிலுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் நடக்கும். இப்போது பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, சித்தப்பாவுக்கு வெயில் ஆகாது, மற்றவர்களுக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அதனால் இந்தமுறை கோயம்புத்தூர் கணபதியில் பம்ப்செட் கம்பெனி நடத்தும் அண்ணனின், அதாவது பெரியப்பா மகனின், கான்பரன்ஸ் ரூமில் கூடுவது என்று முடிவாயிற்று. அங்கே ஏசி இருக்கிறது, சுழல் நாற்காலிகள் இருக்கின்றன.

அண்ணன் போன் செய்தார். "நீ எதுக்குடா தம்பி ராத்திரியெல்லாம் ரயில்ல வாரே? இங்க ரூம்ல வி.சி. மெஷின் சும்மாதான் கெடக்குது. ஊட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்தே வந்துரு. உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே."

"அதுவா, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அந்த வி.சி., அதாவது வீடியோ கான்பரன்ஸ், மெஷின் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுவதற்காகக் கம்பெனி முன்பு வாங்கியது. டிவிக்குக் கீழே ஒரு பெட்டி, டிவிக்கு மேலே தலை திருப்பும் கேமரா, மேசை நடுவே மூன்று கால் நீட்டிய மைக், ஒரு ரிமோட். வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். மெஷின் மட்டும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு ரூமிலேயே தங்கிவிட்டது. மற்ற நாளெல்லாம் அதற்கு வேலை கிடையாது. இந்த விஷயத்தில் எனக்கும் அதற்கும் ஒரு புரிதல் ஏற்படும் என்று நினைத்தேன்.

முதல் வேலையாக மெஷினின் முகவரியைக் கேட்டேன். கம்பெனி சூப்பர்வைசர் டிவித் திரையைப் பார்த்து நிதானமாகப் படித்தார். "192.168.1.20-ங்க சார்."

அதை அப்படியே பிரவுசரில் தட்டினேன். உடனே ஒரு பக்கம் திறந்தது. கோயம்புத்தூர் இத்தனை கிட்டத்தில் இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"நீல மை தீரப் போகுதுன்னு போட்டிருக்குது. உங்க அண்ணன் எங்கீங்க?"

திறந்தது எங்கள் வீட்டுப் பிரிண்டரின் பக்கம்.

இது எப்படி என்று ஓசூரில் வேலை பார்க்கும் மகள் அன்று இரவு போனில் விளக்கினாள். நான் முன்பே தெரிந்ததைச் சரிபார்த்துக்கொள்கிற தோரணையில் 'ம்' கொட்டினேன். இணையத்தில் இன்னமும் பரவலாகப் புழங்கும் முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான் உண்டு. உலகத்தில் தலைகளே 800 கோடிக்கு மேல். தலைக்கு இரண்டு கருவி வேறு. அதனால் சில எண் வரிசைகளை வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென்று தொண்ணூறுகளின் நடுவில் ஒதுக்கிவைத்தார்கள். 192.168 என்று தொடங்குவது அப்படிப்பட்ட ஒன்று. அதை உலகில் எந்த வீடும் எந்தக் கம்பெனியும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கணபதியில் வி.சி. மெஷின் 192.168.1.20. சென்னை ஆதம்பாக்கத்தில் என் பிரிண்டரும் 192.168.1.20. இருவரும் தத்தம் ரவுட்டருக்குள் சட்டப்படியான வாரிசுகள். வெளியுலகில் இருவருக்கும் பாத்தியதை கிடையாது.

செய்தி வெளியே போகும்போது ரவுட்டர் அதன் உள் முகவரியை எடுத்துவிட்டுத் தன் முகவரியைப் போட்டு அனுப்புகிறது. பதில் வந்தால் மறுபடி மாற்றி உள்ளே கொடுக்கிறது. நாம் பார்க்கும் சினிமா, படிக்கும் செய்தி எல்லாம் இந்த மாற்றத்தில் சுகமாகத்தான் வந்துபோகின்றன. ஆனால் வி.சி. மெஷின் பழைய ஆசாமி. அது பேசுவது எச்.323 என்ற நெறிமுறை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996-ல் வகுத்தது. அதன் வழக்கப்படி, அனுப்பும் செய்திக்கு உள்ளேயும் தன் முகவரியை எழுதி, "படத்தையும் குரலையும் இங்கே அனுப்பவும்" என்று சொல்லிவிடுகிறது. ரவுட்டர் மேலே இருக்கும் முகவரியை மாற்றுகிறதே தவிர, உள்ளே எழுதியதைப் பிரித்துப் படிப்பதில்லை. எதிர்முனை அந்த உள் முகவரிக்கே படத்தை அனுப்பும். அது எங்கும் போய்ச் சேராது. மணி அடிக்கும், எடுத்தது தெரியும், பேச்சு மட்டும் வராது. முன்னேற்பாடு ஏதும் இல்லாத இடத்தில் இப்படித்தான் ஆகும் என்றாள் மகள்.

வேடிக்கை என்னவென்றால், இதே கம்ப்யூட்டர் இனம் ஒரு காலத்தில் கான்பரன்ஸ் ரூமோடு ஒரே நெறிமுறையில் பேசிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் விண்டோஸோடு நெட்மீட்டிங் என்று ஒரு மென்பொருள் வரும். அதற்கும் எச்.323 தெரியும். பிறகு 1999-ல் இணையப் பொறியாளர்கள் சிப் என்று எளிதான இன்னொரு நெறிமுறையை வகுத்தார்கள். 2003-ல் ஸ்கைப் வந்தது. அது யாரையும் கேட்காமல் தனக்கென ஒன்றை வைத்துக்கொண்டது. 2011-ல் கூகுள், பிரவுசருக்குள்ளேயே படம் பேசும் வெப்ஆர்டிசி என்ற நுட்பத்தைத் திறந்துவிட்டது. ஸ்கைப் 2025 மே மாதத்தில் கடையைக் கட்டியது. இப்படி ஒவ்வொருவரும் தனித்தனி அடுப்பு மூட்டிக்கொண்டார்கள். கணபதி மெஷின் மட்டும் பூர்விக வீட்டைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"அதனால அப்பா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேட்வே வேணும்" என்றாள் மகள்.

கேட்வே என்பது கல்யாணத் தரகர். பெண் வீட்டார் தரகரிடம் பேசுவார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் தரகரிடம்தான் பேசுவார்கள். இரு வீட்டாரும் நேரில் பேசிக்கொண்டதே இல்லை என்பது இருவருக்குமே தெரியாது. அதேபடி இந்த கேட்வே இணையத்தில் எல்லோருக்கும் தெரிந்த முகவரியில் உட்கார்ந்திருக்கும். ரூம் மெஷின் தானே கிளம்பிப் போய் அதன் கதவைத் தட்டலாம். நானும் என் மீட்டிங் ஆப் மூலம் அங்கே போய்ச் சேரலாம். மெஷினுக்கு அதன் பாஷையில், எனக்கு என் பாஷையில், படத்தைப் பிரித்துக் கோத்து மாற்றி மாற்றிக் கொடுக்கும். நல்ல தரகரைப் போலவே சில விஷயங்களை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சொல்லாமலும் விட்டுவிடும். அது பின்னால் என் தலையில் விடிந்தது.

ஆப் கம்பெனிக்காரர்கள் இதைத் தனியாக மாதச் சந்தாவுக்கு விற்கிறார்கள். அண்ணனிடம் சொன்னேன்.

"மாசாமாசமா?" என்றார் அண்ணன். "தரகனுக்கே கண்ணாலம் முடிஞ்சா ஒருக்காதான்டா கமிஷன்."

கொஞ்ச நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்று தெரிந்ததும் தெய்வச் செயல் என்று ஒப்புக்கொண்டார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. நான் ஒன்பதரைக்கே தயார். பத்தானது, ரூமிலிருந்து அழைப்பு வரவில்லை. போனில் விசாரித்தால், ரிமோட்டில் பேட்டரி இல்லையாம். ஏசி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தபோது இதிலிருந்து கழற்றிப் போட்டிருக்கிறார்கள். இப்போது இதற்குப் போட வேண்டுமென்றால் ஏசி ரிமோட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஏசியைக் குறைக்கும்படி பெரியம்மா வேறு கேட்டுக்கொண்டிருக்கிறார். கடைக்கு ஆள் போயிருக்கிறது.

கிடைத்த நேரத்தை வீணாக்காமல் மனைவிக்கு முகம் பார்த்துப் பேசும் போனின் வரலாற்றைச் சொன்னேன். ஜெர்மனித் தபால் துறை 1936-லேயே பெர்லினுக்கும் லைப்சிக் நகரத்துக்கும் இடையே இதை நடத்தியது. அதற்கென்று கட்டிய கூண்டுக்குள் போய் உட்கார்ந்து பேச வேண்டும். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் பிக்சர்போனை வைத்தது. கண்காட்சியில் இருந்தவர்கள் கண்டத்தின் மறுகோடியில் கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் இருந்தவர்களோடு முகம் பார்த்துப் பேசினார்கள். கூட்டம் அலைமோதியது. 1970-ல் பிட்ஸ்பர்க் நகரத்தில் அதையே வியாபாரமாகத் தொடங்கினார்கள். மாத வாடகை 160 டாலர். அதில் அரை மணி நேரப் பேச்சு சேர்த்தி. வாங்க ஆளில்லை. சில வருஷத்தில் மூடிவிட்டார்கள். பேசும்போது தன்னை எதிராளி பார்ப்பது பலருக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

"அப்ப நீங்க அந்தச் சட்டையையாச்சும் மாத்துங்க" என்றாள் மனைவி.

பேட்டரி வந்தது. இனிமேல்தான் கஷ்டமே. ரிமோட்டில் முதலில் கேட்வேயின் எண் முகவரி, பிறகு இரண்டு ஹாஷ், பிறகு மீட்டிங் எண் என்று வரிசையாகப் போட வேண்டும். அந்த ரிமோட்டில் புள்ளிக்குத் தனிப் பொத்தான் கிடையாது. நட்சத்திரக் குறியை அழுத்தினால் புள்ளி விழும். நான் போனில் சொல்லச் சொல்ல சூப்பர்வைசர் அழுத்துகிறார். சித்தப்பா அவருக்குப் பின்னால் நின்று, "நட்சத்திரம் என்னங்க, யாரு பேருக்கு?" என்று கேட்கிறார். ஒரு எண் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாடகத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவருக்கு என்ன பெருமையோ அந்தப் பெருமை எனக்கு. வசனம் மேடையில் வேறாகத்தான் ஒலித்தது.

கடைசியில் என் திரையில் கணபதி தெரிந்தது. கணபதியில் நான் தெரிந்தேன்.

இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய. கான்பரன்ஸ் ரூமில் இருக்கும் டிவி எழுபத்தைந்து அங்குலம். அதில் என் முகம் ஒன்றுதான் படம். என் பதினான்கு அங்குல லேப்டாப்பிலோ ஒரு நீளமான மேசை தெரிகிறது. அதன் ஓரங்களில் மிளகு மிளகாகச் சில தலைகள். இதில் பெரியப்பா யார், நாற்காலி மேலே போட்டிருந்த துண்டு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர்களுக்கோ என் விஷயத்தில் எந்த ஐயமும் இல்லை. லேப்டாப் கேமரா கீழேயிருந்து மேலே பார்க்கும் என்பதால் முதலில் என் மூக்குத் துவாரங்களையும், அடுத்து மின்விசிறியையும், கடைசியாக என்னையும் கண்டுகொண்டார்கள்.

"தம்பி" என்றது பெரியம்மாவின் குரல். "உனக்குப் பின்னால காலண்டர் இன்னும் வியாழக்கிழமை காட்டுதே. தேதி கிழிக்கறதில்லையா சாமி?"

இணைப்பு உயர்ந்த தரத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மனைவி கேமராவுக்குள் விழாமல் குனிந்தபடியே வந்து மூன்று தாளையும் ஒன்றாகக் கிழித்துக்கொண்டு போனாள். கை மட்டும் தெரிந்தது. "அம்மிணி நல்லாருக்கியா?" என்று கையைப் பார்த்து விசாரித்தார்கள்.

அந்தக் கேமராவுக்கு இன்னொரு திறமை உண்டு. யார் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் தானாகத் திரும்பி, அவரை நெருக்கத்தில் காட்டும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைச் சில மைக்குகளை வைத்துக் கணக்கிட்டுத்தான் அது திரும்புகிறது; வந்தது கருத்தா இருமலா என்று பார்ப்பதில்லை. அண்ணன் யாகசாலைச் செலவை விளக்கிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா இருமினார். கேமரா பெரியப்பாவிடம் போயிற்று. கோபுரத்துக்கு வர்ணம் பூச ஸ்தபதி கேட்ட தொகையை அண்ணன் சொல்லும்போது எவர்சில்வர் தட்டில் கடலை உருண்டை வந்திறங்கியது. கேமரா கடலை உருண்டையைக் காட்டியது. மேசை நடுவே இருந்த மைக்குக்குப் பக்கத்தில்தான் தட்டையும் வைத்தார்கள். அதன்பின் என் காதில் விழுந்ததெல்லாம் கடலை உருண்டை உடைபடும் சத்தமும், அதற்குப் பின்னணியில் கும்பாபிஷேகமும்.

இதற்குள் அண்ணன் மகன், "நான் பெரிதாகத் தெரிகிறேனா?" என்று சித்தப்பா கேட்டதற்காக, தன் செல்போனிலும் அதே மீட்டிங்கில் சேர்ந்தான். ரூமில் இப்போது இரண்டு மைக், இரண்டு ஒலிபெருக்கி. ஒன்றின் சத்தம் மற்றதன் மைக்கில் புகுந்து, சுற்றி வந்து, மறுபடி புகுந்து, பெருகிப் பெருகி ஊளையிட்டது. இந்த விளைவுக்கு டென்மார்க் விஞ்ஞானி சோரன் லார்சன் பெயரை வைத்திருக்கிறார்கள். அதை அவர்களிடம் சொல்ல வாயெடுத்தேன், ஊளை பெரிதாயிற்று. கோயில் விஷயம் பேசும்போது ஊளை கேட்பது நல்லதில்லை என்று பெரியம்மா திருநீறு எடுத்து டிவிக்கு இட்டார். அதே நேரத்தில் பையன் செல்போனை அணைத்தான். ஊளை நின்றது. புகழ் திருநீற்றுக்குப் போயிற்று.

பிறகு நிஜமான பேச்சு தொடங்கியது. தலைக்கட்டு வரி. வீட்டுக்குப் பத்தாயிரம் என்றார் அண்ணன். அதில் எனக்குத் தகராறில்லை. ஆனால் சித்தப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். உள்ளூர்ப் பங்காளிகள் உடம்பால் உழைக்கிறார்கள். வெளியூர்ப் பங்காளிகள் விருந்துக்கு மட்டும் வருகிறார்கள். ஆகையால் வெளியூருக்கு ஒன்றரைத் தலைக்கட்டு. அந்த ரூமில் வெளியூர்க்காரன் நான் ஒருவன்தான், அதுவும் டிவியில்.

பங்காளிக் கூட்டத்தின் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இதில் செய்ய வேண்டியது என்ன என்பது தெரியும். குறுக்கே பேச வேண்டும். எதிராளி வாக்கியத்தை முடித்துவிட்டால் அது தீர்மானம். முடிப்பதற்குள் "இருங்க சித்தப்பா, ஒரு வார்த்தை" என்று புகுந்துவிட்டால் அது வெறும் யோசனை. வேப்பமரத்தடியில் இதில் நான் சோடை போனவனில்லை. சித்தப்பா செருமும்போதே அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்து, துண்டை உதறி எழுந்துவிடுவேன்.

இங்கே அது நடக்கவில்லை. காரணம் தாமதம். பேச்சு போய்ச் சேர 150 மில்லிவினாடிக்குமேல் ஆகாதிருப்பது நல்லது என்று அதே பன்னாட்டு ஒன்றியம் சொல்லியிருக்கிறது. 400-ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பும் கட்டியிருக்கிறது. என் குரல் லேப்டாப்பில் சுருங்கி, ரவுட்டரில் முகவரி மாறி, தரகரிடம் பாஷை மாறி, கணபதியில் விரிந்து வெளிப்படுவதற்குள் சித்தப்பா வாக்கியத்தை முடித்துவிடுகிறார். என் "இருங்க சித்தப்பா" அவருடைய அடுத்த வாக்கியத்தின் நடுவில் போய் விழுகிறது. அவர் நிறுத்தி, "சொல்லு சாமி" என்கிறார். அது என்னிடம் வருவதற்குள், இவர் நிறுத்தவில்லை போலிருக்கிறது என்று நான் நிறுத்திவிடுகிறேன். இருவரும் மௌனம். பிறகு இருவரும் ஒன்றாகத் தொடங்குகிறோம். "இல்லீங்க, நீங்க சொல்லுங்க." "இல்ல, நீ சொல்லு." எங்கள் வம்சத்தில் இத்தனை மரியாதையாக ஒரு பங்காளிச் சண்டை நடந்ததே கிடையாது. வெளிமனிதர் யாராவது பார்த்திருந்தால் எங்களுக்குள் ஏதோ பெரிய மனவருத்தம் என்று நினைத்திருப்பார்.

சத்தம் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கும் மெஷின் இடம் தரவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து வரும் என் குரல் அவர்கள் மைக்கில் புகுந்து எனக்கே திரும்பி வராதிருக்க, அதைக் கழித்துவிட ஓர் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் அதற்குக் குழப்பம் வந்துவிடும். அப்போது பலத்த பக்கத்தை விட்டுவிட்டு இளைத்த பக்கத்தை அமுக்கும். அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து தொண்டை, விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவை. இந்தப் பக்கம் நான் ஒருவன், அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் பேசிப் பழகியவன். மெஷின் யாரை அமுக்கும் என்பதில் அதற்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை.

சரி, நாகரிகமான வழி ஒன்று உண்டே என்று ஆப்பில் கை தூக்கும் பொத்தானை அழுத்தினேன். என் திரையில் ஒரு மஞ்சள் கை அழகாக எழுந்து நின்றது. அவர்கள் திரையில் எழவில்லை. தரகர் முகத்தையும் குரலையும்தான் எடுத்துச் சொல்வார். இந்த மாதிரி சின்னச் சின்ன சாடைகளை அந்தப் பக்கம் சேர்ப்பிப்பது அவர் வேலையில் அடங்கவில்லை. மஞ்சள் கை என் வீட்டுக்குள்ளேயே வெகுநேரம் தூக்கியபடி இருந்தது.

எனவே சொந்தக் கையைத் தூக்கினேன். தோள் வலிக்கிற கைதான். ஆனாலும் கொள்கைக்காக நன்றாக உயர்த்தி, வாயைத் திறந்து, கண்ணை அகல விரித்து, "எனக்கு ஒன்று சொல்ல வேண்டும்" என்பதை முகத்திலும் கொண்டுவந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம். வீடியோ காலில் ஒவ்வொரு படமும் முழுதாகப் போவதில்லை. முதலில் ஒரு முழுப் படம் போகும். அப்புறம் அதிலிருந்து என்னென்ன மாறியதோ அது மட்டும் போகும். அசையாமல் உட்கார்ந்திருப்பவரை அனுப்ப அதிகச் செலவில்லை. பெரிதாகக் கையைக் காலை ஆட்டினால் அனுப்ப வேண்டிய தகவல் திடீரென்று கூடிவிடும். நேரலை என்பதால் வழியில் தொலைந்த துண்டுகளுக்காக ரொம்பநேரம் காத்திருக்கவும் முடியாது. துண்டுகள் நிறையத் தொலைந்தால், கடைசியாகச் சரியாக வந்த படத்தையே அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்கும்.

நின்றது. கணபதி கான்பரன்ஸ் ரூமில், எழுபத்தைந்து அங்குல அளவில், முகமெல்லாம் ஆர்வமாக, ஒரு கையை வானத்துக்கு உயர்த்தியபடி நான் உறைந்து நின்றேன். சரியாக அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா தலைக்கட்டை முடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தார். "மூணு நாள் அன்னதானம் ஆரு ஏத்துக்கறீங்க?"

எனக்கு இது எதுவும் தெரியாது. என் திரையிலும் அவர்கள் உறைந்திருந்தார்கள். இவர்களும் யோசிக்கிறார்கள் என்று நினைத்து, கையை இறக்காமல் காத்திருந்தேன். பிறகு எனக்குத் தெரிந்த இரண்டாவது வித்தையைக் காட்டினேன்: ரவுட்டரை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டேன்.

இணைப்பு வந்தபோது ரூமே கைதட்டிக்கொண்டிருந்தது. கேமரா கைதட்டலில் மிரண்டு ஒவ்வொருவரிடமும் மாறி மாறித் திரும்பியதால், அன்றைக்கு முதல்முறையாக எல்லோரையும் கிட்டத்தில் பார்க்க முடிந்தது. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா எழுந்து நின்றிருந்தார், முழங்கால் வலியோடு. "என்ற தம்பி போனாலும் அவன் புள்ள மெட்ராசுல இருந்துக்கிட்டு மொதோ ஆளாக் கைய ஒசத்திப்போட்டான் பாருங்க" என்று தழுதழுத்தார். தாமதம் ஏதும் இல்லை. ஒரு சொல் விடாமல் அத்தனை சுத்தமாகக் கேட்டது.

இதற்குப் பதிலாக எதைச் சொல்ல முடியுமோ அதைச் சொன்னேன். "எல்லாம் அவ பாக்கியம்."

யோசித்துப் பார்த்தால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பிட்ஸ்பர்க்காரர்கள் 160 டாலர் வாடகை கொடுக்க மறுத்ததற்கு ஆராய்ச்சியாளர்கள் என்னென்னவோ காரணம் சொல்லட்டும். என் அனுபவத்தில் முகத்தைக் கொண்டுபோவது ஒரு காரியமே இல்லை, அது மூக்குத் துவாரம் வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேருகிறது. சம்மதமும் சிக்கலில்லாமல் போகிறது. அசையாமல் இருந்தாலே போதும், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். மறுப்புக்குத்தான் நேரம் கூட வேண்டியிருக்கிறது. மறுப்பு என்பது சரியான கணத்தில் விழுந்தால்தான் மறுப்பு. அரை வினாடி பிந்தினால் அது முனகல். வேப்பமரத்தடியில் அந்த அரை வினாடி என் கையில் இருந்தது. இங்கே அதைத் தரகரும் ரவுட்டரும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

அன்று மாலையே தீர்மான நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார் அண்ணன். 'வெளியூர்ப் பங்காளிகளுக்கு ஒன்றரைத் தலைக்கட்டு. ஆட்சேபணை இல்லை. மூன்று நாள் அன்னதானம்: சென்னைப் பங்காளி தாமே முன்வந்து கை தூக்கினார்.' மனைவி அதைப் பெரிதாக்கிப் படித்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்துவந்து கணக்குப் போட்டாள். ஒரு பக்கம் அரிசி, பருப்பு, எண்ணெய், சமையல்காரர் கூலி. இன்னொரு பக்கம் கோயம்புத்தூருக்கு ஸ்லீப்பர் டிக்கெட். இரண்டையும் கழித்து வந்த தொகையின் கீழே இரட்டைக் கோடு போட்டு, ஒன்றும் பேசாமல் என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவள் மறுப்புக்கு மட்டும் எந்தத் தாமதமும் கிடையாது.

கேட்வேயின் இலவசக் காலம் முடிந்துவிட்டது. மெஷினுக்கு மறுபடி உறை போட்டுவிட்டார்கள். பேட்டரி ஏசி ரிமோட்டுக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்வி. ஆனால் என் புகழ் குறைந்தபாடில்லை. 'மெட்ராசுல உக்காந்துக்கிட்டே கோயமுத்தூர் மெஷினை இயக்கினவன்' என்று பங்காளிகள் பேசிக்கொள்கிறார்களாம். போன வாரம் அண்ணன் மறுபடி அழைத்தார். துபாயிலும் ஹூஸ்டனிலும் இருக்கும் பங்காளிப் பிள்ளைகள் கும்பாபிஷேகத்தை நேரலையில் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். கோயிலில் வைஃபை கிடையாது, செல்போன் சிக்னல் வேப்பமரத்தின் மேலே ஏறினால் கொஞ்சம் கிடைக்கும், கூட்டம் சேர்ந்துவிட்டால் அதுவும் போய்விடும். யாரிடம் ஒப்படைப்பது என்ற பேச்சே எழவில்லையாம்.

"அதுவா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். முக்காலி ஒன்று வாங்கிவிட்டேன். ஒலியைப் பற்றி இரவில் படித்துக்கொண்டிருக்கிறேன். கோபுரத்தின் மேல் தீர்த்தம் ஊற்றும் அந்த நிமிஷம் ஹூஸ்டனில் ஒரு துளி பிசகாமல் தெரிய வேண்டும் என்று மகளிடம் ஆலோசனை கேட்டிருக்கிறேன்.

மனைவி நேரில் பார்ப்பதற்காகச் சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டாள். அவளுக்கு மட்டும்.